கொட்டகையில் கிடந்த ஏணிப் பரணும் முதல் அணில் வேட்டையும்

பக்கத்துப் பண்ணைப் பெரியவரின் கொட்டகையில், பழைய டிராக்டர் டயர்களுக்குப் பின்னால், பத்து வருடமாவது யாரும் தொடாமல் கிடந்த ஓர் இரும்பு ஏணிப் பரணை ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பதினைந்து அடி உயரம், மூன்று துண்டாகக் கழற்றலாம், மேலே ஒருவர் உட்காரும் வலை இருக்கை, கால் வைக்கக் கம்பித் தட்டு, முன்னால் துப்பாக்கியைத் தாங்க ஒரு குறுக்குக் குழாய். இங்கே இதை ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போடுகிற பரண் நமக்குத் தெரிந்ததுதானே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான், இதை உயிருள்ள மரத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். செப்டம்பர் நடுவில் அணில் சீசன் தொடங்குவதற்குள் இதை ஆள் ஏறும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று இறங்கினேன். அந்த ஆறு வாரத்தில் செய்ததையும் தப்பாகச் செய்ததையும் எழுதி வைக்கிறேன், இந்தப் பக்கம் இருக்கிற யாருக்காவது உதவும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் நடுப்பகுதி, சென்டர் கவுன்டி. நீளநீளமாக ஓடும் அப்பலாச்சியன் மலைமுகடுகள், நடுவே மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பள்ளத்தாக்குகள், ஒவ்வொரு பண்ணைக்கும் பின்னால் ஒரு துண்டுக் காடு. பெரியவரின் காடு முப்பது ஏக்கர் இருக்கும். ஓக், ஹிக்கரி, பீச், கொஞ்சம் டூலிப் பாப்லர். ஒரு காலத்தில் இந்த மலைகள் பூராவும் செஸ்ட்நட் மரம் நின்றதாம். 1904-ல் நியூயார்க்கில் முதலில் கண்ணில் பட்ட ஒரு பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் அத்தனையையும் சாய்த்துவிட்டது. இன்றைக்கு அணில்களுக்குச் சோறு போடுவது ஓக்கும் ஹிக்கரியும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அணில் வேட்டைக்குப் பரண் அவசியமே இல்லை. ஹிக்கரி மரத்தடியில் முதுகைச் சாய்த்து இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் போதும், அவையே வெளியே வரும். பரண் மான் வேட்டைக்காரர்களின் சாமான். ஆனால் எனக்கு இரண்டு காரணம் இருந்தது. நவம்பர் கடைசியில் மான் சீசனுக்கு இதில்தான் உட்காரப் போகிறேன், அதற்கு முன்னால் இருட்டில் ஏறி இறங்கிப் பழக வேண்டும். இரண்டாவது, என்னிடம் இருப்பது .22 ரைஃபிள். சின்னத் தோட்டா என்று பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர். தரையில் உட்கார்ந்து மரக்கிளையில் இருக்கும் அணிலைச் சுட்டுத் தவறினால் அந்தத் தோட்டா வானத்தில் போய் எந்தப் பண்ணை முற்றத்தில் இறங்குமோ, யாருக்குத் தெரியும்? மேலே உட்கார்ந்து கீழே தரையில் மேய்வதைச் சுட்டால், தவறினாலும் பின்னால் இருப்பது மண். இந்த இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிது.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. முதல்முறை வேட்டைக்குப் போகிறவர் இங்கே ஒரு பயிற்சி வகுப்பை முடித்துத் தேர்வு எழுத வேண்டும், அப்புறம்தான் பென்சில்வேனியா கேம் கமிஷன் உரிமம் தரும். 1895-ல் தொடங்கிய அமைப்பு அது. உள்ளூர்வாசிக்குக் கட்டணம் 20.97 டாலர். எனக்கு கிரீன் கார்டு இருப்பதால் துப்பாக்கி விஷயத்தில் சிக்கல் இல்லை. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத் தடை உண்டு, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று சுடுதளத்துக்குப் போய் ரைஃபிளைக் கையில் வாங்குவதற்கு முன்னால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு வக்கீலிடம் கேட்டாலும் தப்பில்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, அதனால் இந்த விதிமுறைகள் எதுவும் நமக்கு வளர்ப்பில் வருவதில்லை, உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

கொட்டகையிலிருந்து கொண்டுவந்ததும் முதலில் செய்தது பழைய பெல்ட்டுகள் அத்தனையையும் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டது. முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடலாம், அதனால்தான் வெட்டினேன். பார்வைக்கு அவை நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வெயில் பட்ட பெல்ட்டின் நூல் உள்ளே செத்துப்போயிருக்கும், மடித்துப் பார்த்தால் மடிப்பில் வெள்ளையாகப் பொடி உதிரும். இதில் உதிர்ந்தது. பரணில் மலிவான பொருளும் அதுதான், முழு எடையையும் மரத்தோடு பிடித்து வைத்திருப்பதும் அதுதான். புது ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குவது) இரண்டு, குறுக்குப் பெல்ட் இரண்டு, ஏணியின் நடுவை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் நடுத்தாங்கிக்கு ஒன்று வாங்கினேன்.

அப்புறம் இரும்பு. கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு வெல்டிங்கையும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். நேரே அடித்தால் விரிசல் தெரியாது, சாய்வாக அடித்தால் தலைமுடி அளவு விரிசல்கூட ஒரு நிழல் காட்டும். படிகளின் வெல்டிங் எல்லாம் சுத்தமாக இருந்தது. இருக்கைச் சட்டத்தின் இடது மூலையில் மட்டும் ஒரு கோடு. பெயின்ட் வெடிப்பா, இரும்பு வெடிப்பா என்று சந்தேகம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகும் கோடு போகவில்லை. இரும்புதான். எனக்கு வெல்டிங் வரும், அப்பாவின் பட்டறையில் கற்றது, ஆனால் ஆள் உட்காரும் மெல்லிய குழாயை நானே ஒட்டி அதில் என் உயிரை வைக்க மனம் ஒப்பவில்லை. ஊரில் பால் பண்ணைகளுக்குக் கதவு, தொட்டி எல்லாம் வெல்டிங் செய்து கொடுக்கிற ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் விரிசலை அரைத்து எடுத்துவிட்டு, உள்மூலையில் ஒரு முக்கோணத் தகடு சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார்.

குழாயின் உள்துரு வெளியே தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்குரூ டிரைவரின் பிடிப் பக்கத்தால் குழாயை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை தட்டிக்கொண்டே போகணும். நல்ல குழாய் மணி மாதிரி ஒரே ஓசை கொடுக்கும், உள்ளே அரித்த இடத்தில் ஓசை சட்டென்று மந்தமாகும். அடித்துண்டின் கால்களில், மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு அப்படி மந்தமாகக் கேட்டது. ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தினேன், உள்ளே இறங்கவில்லை, ஆனால் லேசாகக் குழிந்தது. அடியில் அந்த ஒரு சாணை இரண்டு காலிலும் ஒரே அளவாக வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இறுக்கமாகப் போகிற வேறு குழாயை ஓர் அடி நீளத்துக்குச் செருகி, பாதத் தகட்டோடு சேர்த்து அதே ஆளிடம் வெல்டிங் செய்தாகிவிட்டது. இருக்கையின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 300 பவுண்டு என்ற எண் இன்னும் படிக்க முடிந்தது, அதாவது 136 கிலோ. நான் 78, உடுப்பு, ரைஃபிள், பை எல்லாம் சேர்த்தாலும் 90-ஐத் தாண்டாது. ஆனாலும் பழசு பழசுதான், அந்த எண்ணை நம்பி இருவரை ஏற்ற மாட்டேன்.

துண்டுகளை இணைக்கிற ஊசிகள் துருவில் அரித்து நடுவில் ஒல்லியாகிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக கிரேடு 5 போல்ட் போட்டேன். போல்ட் தலையில் மூன்று கோடு இருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் போதும். நட் நைலான் வளையம் உள்ளது, அதிர்வில் தளராது. எல்லா இணைப்பிலும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு நைலான் வாஷர். இது பலத்துக்கு இல்லை, சத்தத்துக்கு. பரணில் உட்கார்ந்து எடையை ஒரு தொடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வருகிற ஒரு சின்னக் கிறீச், காலை நேரத்துக் காட்டில் பாத்திரம் விழுந்த மாதிரி கேட்கும். மெழுகுவர்த்தியை எடுத்து குழாய் குழாய்க்குள் போகும் இடங்களில் தேய்த்துவிட்டேன். துரு பட்ட இடத்தில் பிரைமர், மேலே பளபளப்பில்லாத பழுப்புப் பெயின்ட் இரண்டு கை. கால் வைக்கும் தட்டில் சொரசொரப்பு டேப். இருக்கை வலையைப் புதிதாக வாங்கிக் கட்டினேன்.

இதுவரை இரண்டு வார இறுதி போய்விட்டது.

மூன்றாவது வாரம் மரம் தேடியது. இதற்குத்தான் நிறைய நேரம் எடுத்தது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. காட்டின் வடக்கு ஓரத்தில் நேராக, கிளையில்லாமல், சரியான பருமனில் ஒரு ஆஷ் மரம் நின்றது, பார்த்ததும் இதுதான் என்று தோன்றியது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கைத்தடியால் பட்டையை நெம்பினார். ஒரு பலகை அளவு பட்டை அப்படியே கழன்று வந்தது, உள்ளே மரத்தின் மேல் பாம்பு ஊர்ந்த மாதிரி நெளிநெளியான தடங்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டின் புழு குடைந்த தடம். 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2007-ல் பென்சில்வேனியாவுக்குள் வந்துவிட்டது, ஆஷ் மரங்களை மொத்தமாக அழித்துக்கொண்டிருக்கிறது. செத்த ஆஷ் வெளியே கம்பீரமாக நிற்கும், உள்ளே மொறுமொறுவென்று உலர்ந்துவிடும், எப்போது எந்தப் பாகம் ஒடியும் என்று சொல்ல முடியாது. அதில் பரண் கட்டக் கூடாது, பக்கத்து மரத்தில்கூடக் கட்டக் கூடாது. இலையுதிர்ந்த பிறகு செத்த மரமும் உயிருள்ள மரமும் ஒன்று போல இருக்கும், ஆகவே மரத்தைக் கோடையிலேயே, இலை இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள்.

ஷாக்பார்க் ஹிக்கரியிலும் கட்டவில்லை. அதன் பட்டை நீளநீளத் தகடுகளாகப் பெயர்ந்து தொங்கும், பெல்ட் இறுக்கினால் தகடு நழுவும், சத்தமும் வரும். ஆனால் அணிலுக்கு அதைவிடப் பிடித்த மரம் கிடையாது. அதனால் அந்த ஹிக்கரிகள் இரண்டு சேர்ந்து நிற்கும் இடத்திலிருந்து இருபத்தைந்து கெஜம் தள்ளி, உயிருள்ள ஒரு சிவப்பு ஓக்கைப் பிடித்தேன். மார்பு உயரத்தில் பதினாறு அங்குல விட்டம். காலையில் உட்கார்ந்தால் சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே தரை மேலேறிப் போகிறது, அதாவது நான் சுடும் திசை முழுக்க மலைச்சரிவு மண். மிக அருகில் இருக்கும் வீடு பெரியவருடையது, அரை மைல் தூரம். சட்டம் கேட்பது ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கெஜம்.

பரணை நிமிர்த்துவதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நான், பெரியவரின் மகன், என் நண்பன் ஒருவன், அவனுக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். தரையிலேயே எல்லாத் துண்டையும் பூட்டி, குறுக்குப் பெல்ட்டுகளை மேல்தட்டில் முன்கூட்டியே மாட்டி, கால்களை மரத்திலிருந்து தள்ளி வைத்து, இருவர் தூக்க ஒருவர் கால்களை மிதித்துப் பிடிக்க, நிமிர்த்திச் சாய்த்தோம். மண் ஒரு பக்கம் மெத்தென்று இருந்ததால் இடது கால் இரண்டு அங்குலம் இறங்கியது. நண்பன் உடனே ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து, “மச்சான், இதை அடியில குடுத்துரு, சமமாயிடும்” என்றான். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் மழை பெய்து கல் நழுவினால் ஏணியே சாயும். அதற்குப் பதிலாக வலது காலுக்குக் கீழே இரண்டு அங்குலம் தோண்டி இறக்கினோம். தண்ணீர் மட்டம் வைத்துப் பார்த்து, சரியாகிவிட்டது.

ஏறுவதற்கு முன்னால் தரையிலிருந்தே குறுக்குப் பெல்ட்டுகளை மரத்தைச் சுற்றி எதிரெதிராக இழுத்துக் கட்டிவிட வேண்டும், நடுத்தாங்கியையும் மரத்தோடு பூட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் ஒருவர் மேலே போய் ராட்செட் பெல்ட்டைப் போடலாம், அப்போதும் இருவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டே நிற்கணும். நான் ஹார்னஸ், அதாவது விழுந்தால் உடம்பைத் தாங்கும் பட்டைக் கவசம் போட்டு, மரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிற்றோடு, படிப்படியாக அந்தக் கயிற்றை மேலே தள்ளித் தள்ளி ஏறினேன். இருக்கைக்கு மேலே, நான் உட்கார்ந்தால் தலைக்குச் சற்று உயரத்தில், உயிர்க்கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறுமுனையைத் தரை வரை விட்டுவிட்டேன். அந்தக் கயிற்றில் ஒரு புருசிக் முடிச்சு. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு மேலே வரும், திடீரென்று எடை விழுந்தால் கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே ஹார்னஸை அதில் மாட்டிவிட வேண்டும், மறுபடி தரையைத் தொட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது யாரும் சுலபமாக விழுவதில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து தட்டுக்குக் காலை மாற்றும் அந்த ஒரு கணத்திலும்தான் விழுகிறார்கள். பயிற்சி வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இதோடு நிறுத்தாமல் ஒரு காரியம் செய்தேன், எல்லோரும் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன். உயிர்க்கயிற்றில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மாட்டிக்கொண்டு, காலை மடக்கி, முழு எடையையும் ஹார்னஸில் விட்டுத் தொங்கிப் பார்த்தேன். நண்பன் கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றான். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நிமிடத்தில் தொடையிடுக்குப் பட்டைகள் இரத்த ஓட்டத்தை நெரிப்பது தெரிந்தது, பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. நாலரை நிமிடத்தில் கால்விரலை அசைக்கச் சொன்னால் அசைகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஹார்னஸ் விழாமல் பிடித்துக்கொள்ளும், சரி, ஆனால் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். அதற்குத்தான் ஹார்னஸோடு ஒரு வளையப் பட்டை தருகிறார்கள், அதில் காலை வைத்து எழுந்து நின்று எடையைத் தொடையிலிருந்து எடுத்துவிடலாம். அது என் பையின் அடியில் பிரிக்காத உறையில் கிடந்தது. அன்றைக்கே எடுத்து இடுப்பில், கை எட்டும் இடத்தில் கட்டினேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. இதுதான் நான் செய்த தப்பு. சீசனுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் சும்மா ஒரு பார்வை பார்க்கப் போனேன். கீழிருந்து பார்த்தால் எல்லாம் இறுக்கமாக, வைத்தது வைத்தபடி இருந்தது. உயிர்க்கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏறி, மேல் பெல்ட்டின் மேல் கையை வைத்து மரத்தைச் சுற்றித் தடவிக்கொண்டு போனேன், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் விரல் எதிலோ சிக்கியது. எட்டிப் பார்த்தால் பெல்ட்டின் விளிம்பு பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. ஓர் அங்குல அகலத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. சின்னச் சின்ன ஜோடிப் பல் தடங்கள், உளியால் செதுக்கிய மாதிரி. எந்த அணிலை வேட்டையாட இந்தப் பரணைக் கட்டினேனோ, அது இரண்டு வாரமாக இங்கே வந்து பெல்ட்டைக் கடித்திருக்கிறது. கூடு கட்ட நாருக்காகவோ, நம் கையின் உப்பு ஒட்டியிருப்பதாலோ, இவை பெல்ட், கயிறு, இருக்கை எதையும் விடாது. இரண்டாவது பெல்ட் நன்றாக இருந்தது, ஹார்னஸும் மாட்டியிருந்தேன், ஆகவே அப்போது ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் இறங்கி வந்த பிறகு கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாளே நண்பனைக் கீழே நிறுத்திக்கொண்டு புதுப் பெல்ட் மாற்றினேன். அன்றிலிருந்து பழக்கம் இதுதான்: ஒவ்வொரு முறை ஏறியதும் உட்காருவதற்கு முன்னால் பெல்ட்டைச் சுற்றி முழுக்க விரலால் தடவுவது. கண்ணால் பார்த்தால் போதாது, கடிப்பது எப்போதும் பின்பக்கத்தில்தான்.

ரைஃபிள் பற்றி இரண்டு வரி. 25 கெஜத்தில் குறி சரிசெய்தேன், சத்தம் குறைந்த மெதுவான 40 கிரெயின் தோட்டா, அதில் ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் விழும் வரை. அணிலை உடம்பில் சுட்டால் கறி வீண், வலியும் அதிகம். தலை மட்டும்தான் என்று முடிவு செய்துகொண்டேன், அதைத் தவிர வேறு குறி கிடைத்தால் சுடுவதில்லை.

சீசன் முதல் நாள் ஐந்தரைக்கே மரத்தடிக்குப் போய்விட்டேன். கால்சட்டைக்கும் காலணிக்கும் முந்தின நாளே பெர்மெத்ரின் தெளித்துக் காயவைத்திருந்தேன், இங்கே மான் உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும். ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சு பனியன். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு தெரிய வேண்டும் என்பது விதி. அணிலுக்கு அந்த நிறம் ஒரு பொருட்டில்லை, காட்டில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்குத்தான் அது. ரைஃபிளைத் தோட்டா இல்லாமல், அதன் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பாகத்தை) திறந்து, வாய்ப்பக்கம் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டித் தரையில் வைத்துவிட்டு ஏறினேன். பெல்ட்டைத் தடவினேன். உட்கார்ந்து, கயிற்றால் ரைஃபிளை மேலே இழுத்தேன். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து சுடலாம், ஆனால் அந்த நேரத்தில் காட்டுக்குள் தலை எது வால் எது என்று தெரியாது, ஏழேகால் வரை தோட்டாவே போடவில்லை.

முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. காற்றே இல்லை, ஆனால் ஹிக்கரியின் கீழே இலைகள் மேல் மழைத்தூறல் விழுகிற மாதிரி டிக், டிக், டிக். மேலே உட்கார்ந்து அணில் காயைக் கொறிக்கிறது, தோல் சீவல்கள் கீழே விழுகின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் இருந்தேன். உச்சியில் ஒரு வாலும் பாதி உடம்பும் தெரிந்தது, பின்னால் வெறும் வானம். சுடவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறொன்று தண்டு வழியாகத் தலைகீழாக இறங்கி, தரையில் குதித்து, ஒரு காயை எடுத்து, இரண்டு கையாலும் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. இருபத்திரண்டு கெஜம் இருக்கும். பின்னால் சரிவு. சுட்டேன். அங்கேயே படுத்தது. உடனே இறங்கிப் போய் எடுக்கவில்லை, ஒரு .22 சத்தத்துக்குக் காடு அஞ்சு பத்து நிமிடம்தான் அடங்கியிருக்கும். எட்டரைக்கு இன்னொன்று கிடைத்தது. ஒரு நாளைக்கு ஆறு வரை அனுமதி, எங்கள் வீட்டுக்கு இரண்டு போதும்.

இந்த ஊரில் அணிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1749-ல் பயிரை அழிக்கிறது என்று அணில் ஒன்றுக்கு மூன்று பென்ஸ் பரிசு அறிவித்தார்கள், கஜானாவிலிருந்து எட்டாயிரம் பவுண்டு போய்விட்டது, கணக்குப் போட்டால் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் அணில். அதற்கு எதிராக இன்றைக்கு நாளுக்கு ஆறு என்ற வரம்பை வைத்துப் பார்க்கும்போது, விதிகளைக் கடைப்பிடிப்பதில் எனக்கு ஒரு சலிப்பும் இல்லை.

தோலுரிப்பது சூடு இருக்கும்போதே செய்தால் சுலபம். வாலின் அடிப்பக்கத்தில் கத்தி வைத்து வால் எலும்பை வெட்டி, மேல்தோலை மட்டும் விட்டுவைத்து, வாலைக் காலால் மிதித்துக்கொண்டு பின்னங்கால்களைப் பிடித்து மேலே இழுத்தால் தோல் சட்டை கழற்றுவது போல முன்னங்கை வரை வந்துவிடும். முடி கறியில் ஒட்டினால் எடுக்கவே முடியாது, அதனால் முதலில் உடம்பைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். இரண்டாவது அணிலின் தோளருகே தோலுக்கடியில் ஒரு வீக்கம், உள்ளே ஒரு தடித்த புழு. ஈ வகை ஒன்றின் புழு அது, கோடைக் கடைசியில் சகஜம், தோலோடு போய்விடும், கறிக்கு ஒன்றும் ஆகாது. பார்த்தால் சாப்பிடத் தோன்றாது என்பது உண்மைதான், அதனாலேயே பலர் முதல் பனி விழும் வரை அணில் சுடுவதில்லை. அடுத்த வருடம் நானும் அக்டோபருக்குக் காத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் குக்கரில் ஐந்து விசில், பிறகு சின்ன வெங்காயமும் சோம்பும் நிறைய மிளகும் போட்டு வறுத்தோம். முயல் கறிக்கும் கோழித் தொடைக்கும் நடுவில் ஒரு ருசி, ஹிக்கரி தின்று வளர்ந்ததாலோ என்னவோ லேசான இனிப்பு.

அம்மாவிடம் போனில் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “ஏம்ப்பா, ராமர் தடவிக் குடுத்ததையா?” என்றார். இது அந்த அணில் இல்லம்மா, சாம்பல் நிறம், அரைக்கிலோ எடை, முதுகில் கோடு கிடையாது என்று விளக்கினேன். சொல்லும்போதுதான் எனக்கே நினைவு வந்தது, அன்று காலை முழுக்க என் பரணுக்கு நேர் கீழே ஒரு சிப்மங்க் ஓக் கொட்டைகளைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அளவு, முதுகு நெடுகக் கோடுகள், நம் வீட்டு மதில்மேல் ஓடுகிற அணிலின் அதே அச்சு. ஒரு முறை ஏணியின் மூன்றாவது படி வரை ஏறி வந்து என்னைப் பார்த்துவிட்டு இறங்கியது. அதைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். “அதை ஒண்ணும் பண்ணிடாதே” என்றார். மாட்டேன் என்றேன்.

நவம்பரில் மான் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஜனவரியில் பரணை இறக்கினோம். வருடம் முழுக்க மரத்திலேயே விட்டால் மரம் பருத்துக்கொண்டே போகும், பெல்ட் அதன் கழுத்தை நெரிக்கும், பெல்ட்டும் நைந்துபோகும். ஐந்து மாதத்துக்கே சிவப்பு ஓக்கின் பட்டையில் ஒரு விரல் அகலத்துக்கு வரி விழுந்திருந்தது. பெல்ட்டுகளையும் இருக்கை வலையையும் கொட்டகையில் எலி எட்டாதபடி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன், வாங்கிய மாதத்தை மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் எழுதியாகிவிட்டது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனபோது இருக்கையின் வலது கீலில் மட்டும் ஒரு முனகல் கேட்டது, நைலான் வாஷர் குளிரில் இறுகிவிட்டது போலிருக்கிறது. அந்த இடத்துக்குத் தோல் வாஷர் வெட்டிப் போட்டுப் பார்க்கணும்.